மழை மாதத்து நாற்று

நம்ம ரிங்லெட்டில் உறைபனி கிடையாது. ஆனால் அக்டோபர், நவம்பர் வந்துவிட்டால் மழை விடாது. 1,100 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர். ராத்திரிக் குளிரும் சேர்ந்துகொள்ளும். பாத்தியில் தூவிய விதையை ஒரே மழை அடித்துக்கொண்டு போய்விடும். பெர்த்தாம் வேலி பக்கம் மலைச்சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூரையாக இருப்பது சும்மா இல்லை.

கூரை போட வசதியில்லாத லயத்து வீட்டுக்காரர்களுக்கு அடுப்படிதான் நாற்றங்கால். டிசம்பரில் விதை போட்டால், மழை தணிகிற தைப்பூச சமயத்தில் நட்டுவிடலாம்.

முட்டைக்கோஸ் குளிரிலும் முளைக்கும். தக்காளிக்கு ஒரு வாரம் போதும். மிளகாய்தான் அடம் பிடிக்கும். அதற்கு 25 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். எங்கள் வீட்டில் மிளகாய்த் தட்டுக்கு இடம், வெதுவெதுப்பாக இருக்கிற ஐஸ் பெட்டியின் தலைமேல்.

முளை தெரிந்ததும் தட்டை ஜன்னலுக்கு மாற்றிவிடுங்கள். வெளிச்சம் குறைந்தால் தண்டு வெளுத்து நீண்டுவிடும். தண்ணீர் அதிகமானால் அதைவிட மோசம்: மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு பழுப்பாகி நூலாக மெலியும், காலையில் பார்த்தால் நாற்று படுத்திருக்கும். இது பூஞ்சை வேலை. தேங்காய் நார்த்தூள், அடியில் ஓட்டை, கொஞ்சம் காற்று இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

நடுவதற்கு முன் ஒரு வாரம் பகலில் மட்டும் வீட்டு முன் ஐந்தடி நடையில் வையுங்கள். வெயிலும் காற்றும் பழகட்டும்.

யாரிடமாவது பழைய நாட்டு அவரை விதை இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், மிளகாய் நாற்று தருகிறேன்.