பாட்டும் போட்டோவும் கைமாறும் தெரு!

சென்னை அண்ணா சாலையில் இருந்து சிந்தாதிரிப்பேட்டை பக்கம் திரும்பி நடந்திருக்கீங்களா? ''என்னா வேணும் தம்பி... லேப்டாப்பா, கேமராவா, கேபிளா?''னு நாலு திசையில் இருந்தும் குரல் கேட்டா, கரெக்ட்டா ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வந்துட்டீங்கனு அர்த்தம்!

பேர்தான் ஒரு தெரு. பக்கத்தில் இருக்கிற நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு எல்லாத்தையும் சேர்த்து ரிச்சி ஸ்ட்ரீட்னுதான் சொல்றாங்க. செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு சென்சார் தேடி என்னை மாதிரி இன்ஜினீயரிங் பசங்க வந்து மொய்க்கிற இடம். ஆனா, இந்த வாரம் நாம வேற வேலையா வந்திருக்கோம். உங்க லேப்டாப் ஒரு கம்பெனி, டேப்லெட் வேற கம்பெனி. ஒண்ணில் இருக்கிற பாட்டும் போட்டோவும் இன்னொண்ணுக்குப் போக மாட்டேங்குது. அதானே? வாங்க, ஒரு ரவுண்டு போலாம்!

முதல் ஸ்டாப், கேபிள் கடை. கொத்துக் கொத்தா தொங்குற கேபிளைப் பார்த்ததும் கை நீட்டிடாதீங்க. ''சார்ஜுக்கா, டேட்டாவுக்கா?''னு கடைக்காரரே கேட்பார். சில மலிவு கேபிள்களுக்குள்ள கரன்ட் போற வயர் மட்டும்தான் இருக்கும், ஃபைல் போற வயரே இருக்காது. டேப்லெட் சார்ஜ் ஆகுது, லேப்டாப்பில் பேர் மட்டும் வரலைன்னா, முதல் சந்தேகம் கேபிள் மேலதான் வரணும். கேபிள் ஓகேன்னா, டேப்லெட்டோட லாக்கைத் திறங்க. ஆண்ட்ராய்டில், 'சார்ஜிங்'னு இருக்கிறதை 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்'னு மாத்துங்க. ஐபேட்னா, 'இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா?'னு கேட்கும். 'நம்பலாம்'னு அமுக்கினாதான் கதவு திறக்கும்.

ஒரு டீ சொல்லிட்டு கொஞ்சம் தியரி பேசலாமா? ஆரம்ப கால ஆண்ட்ராய்டு போன்கள் பென்டிரைவ் மாதிரி வேலை செஞ்சுது. அலமாரிச் சாவியையே கம்ப்யூட்டர் கையில் கொடுத்துட்ட கதைதான். கம்ப்யூட்டர் அலமாரியைக் குடையுற வரைக்கும் போன் அதைத் தொட முடியாது. 2011-ல் வந்த ஆண்ட்ராய்டு 3.0 டேப்லெட்களில் எம்.டி.பி-ங்கிற முறை வந்துச்சு. இது நம்ம காலேஜ் லைப்ரரி கவுன்ட்டர் மாதிரி. நீங்க ஃபைல் பேரைச் சொன்னா, டேப்லெட்டே எடுத்து நீட்டும். இந்த பாஷை விண்டோஸுக்குத் தெரியும், மேக்குக்குத் தெரியாது. அதனால மேக் வெச்சிருக்கிறவங்க ஓப்பன் எம்.டி.பி. மாதிரி ஒரு இலவச சாஃப்ட்வேரைப் போட்டுக்கணும். அப்புறம் என்ன... பாட்டை 'மியூசிக்' ஃபோல்டரில் இழுத்துப் போடுங்க. போட்டோவை 'டிசிஐஎம்' ஃபோல்டரில் இருந்து அள்ளிக்கங்க!

அடுத்து, மாடிப்படி ஓரத்தில் ஒரு சர்வீஸ் கடை. நான் போனப்ப ஒரு நர்சிங் காலேஜ் பொண்ணு ஐபேடும் புது விண்டோஸ் லேப்டாப்புமா நின்னுட்டு இருந்தாங்க. அவங்க தாத்தாவோட பழைய ஆல்பத்தை வீட்டு கம்ப்யூட்டரில் ஸ்கேன் பண்ணி, ஐடியூன்ஸ் வழியா ஐபேடில் ஏத்தி வெச்சிருக்காங்க. அப்புறம் ஆல்பம் மழைத் தண்ணியில் ஊறிப்போச்சு, கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போயிருச்சு. தாத்தாவும் இப்போ இல்லை. மிச்சம் இருக்கிறது ஐபேடில் இருக்கிற படங்கள் மட்டும்தான். புது லேப்டாப்போட சிங்க் பண்ணப்போனா, 'ஏற்கெனவே இருக்கிறதை அழிச்சுட்டு சிங்க் பண்ணவா?'னு கேட்குது.

''கையை எடும்மா முதல்ல!''னு பதறிட்டார் சர்வீஸ் அண்ணன். காரணம் இருக்கு. சிங்க் பண்ணி ஏத்தின பாட்டுக்கும் படத்துக்கும் அந்தப் பழைய கம்ப்யூட்டர்தான் எஜமான். புது கம்ப்யூட்டரில் 'சரி'னு அமுக்கினா, பழசு போயிட்டு புதுசு உட்காரும். ஐபேட் கேமராவில் எடுத்த படங்களுக்கு இந்த ஆபத்து இல்லை. ஆனா, சிங்க்கில் ஏறின படம் 'டிசிஐஎம்' வழியா திரும்பவும் வராது.

அண்ணன் பண்ண வைத்தியம் சிம்பிள். போட்டோஸில் படங்களை செலக்ட் பண்ணி, 'ஷேர்' போய், 'ஃபைல்ஸில் சேமி'னு கொடுத்து, நேரா பென்டிரைவுக்கே அனுப்பினார். 2019-ல் வந்த ஐபேட் ஓ.எஸ். 13-ல் இருந்தே ஐபேடில் பென்டிரைவ் வேலை செய்யும். ''அன்னிக்கு ஏத்துறப்பவே சைஸ் குறைஞ்சிருக்கும்மா. ஆனா, முகம் தெரியுதுல்ல?''ன்னார். தெரிஞ்சுது. கடையை விட்டு இறங்கறப்ப என்கிட்ட சொன்னார்... ''பேட்டரி போனா நான் தரேன் தம்பி. போட்டோ போனா யாரு தருவா?''

இதான் மேட்டர் ஃப்ரெண்ட்ஸ். சிங்க் வேற, காப்பி வேற! சிங்க்னா கண்ணாடி மாதிரி, இந்தப் பக்கம் அழிஞ்சா அந்தப் பக்கமும் அழியும். ஆன்லைன் சேமிப்புக்கும் இதே விதிதான். ஐகிளவுட் போட்டோஸ் ஆனில் இருக்கிறப்ப ஐபேடில் ஒரு படத்தை அழிச்சா, எல்லா இடத்திலும் போயிடும். மனசு மாறினா மீட்க சுமார் 30 நாள்தான் டைம். கூகுள் போட்டோஸில் ஏத்தின படம்னா, குப்பைக்கூடையில் 60 நாள் இருக்கும். அவ்வளவுதான்.

அதனால கடைசி ஸ்டாப், பென்டிரைவ் கடை. லேப்டாப், டேப்லெட் ரெண்டுக்கும் பொருந்துற டைப்-சி முனை பார்த்து வாங்குங்க. 'எக்ஸ்ஃபேட்' முறையில் ஃபார்மேட் பண்ணுங்க. விண்டோஸ், மேக், ஐபேட் மூணும் படிக்கும். பழைய ஃபேட்32-ல 4 ஜி.பி-க்கு மேல ஒரே ஃபைல் ஏறாது, உங்க கல்ச்சுரல்ஸ் வீடியோ வாசல்லயே நின்னுடும்! ஐபேடுக்குப் பாட்டு மட்டும்தான் வேணும்னா ஐடியூன்ஸ் பக்கமே போக வேண்டாம். வி.எல்.சி. ஆப்பைப் போட்டு, ஒரே வைஃபையில் இருந்து லேப்டாப் பிரவுசர் வழியா அனுப்பலாம். ஆனா, மாசச் சந்தா ஆப்களில் டவுன்லோடு பண்ண பாட்டை வெளியே எடுக்க முடியாது. அது அந்த ஆப்புக்குள்ள மட்டும்தான் பாடும்.

ரிச்சி ஸ்ட்ரீட் கிளம்புறீங்களா? ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பெரும்பாலான கடைகள் லீவு. பில் கேட்டு வாங்குங்க, வாங்கினதைக் கடையிலேயே செருகிப் பாருங்க. அதுக்கு முன்னாடி இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை... உங்க டேப்லெட்டைத் திறந்து, அதில் மட்டுமே இருக்கிற படம் எதுன்னு தேடுங்க. அதை முதல்ல காப்பி பண்ணுங்க. பாட்டை எப்ப வேணும்னாலும் திரும்ப வாங்கிக்கலாம் பாஸ்!