பார்த்த கூலி

ஓசூரில் குளிரும் என்று சொன்னால் திருச்சிக்காரர்களும் மதுரைக்காரர்களும் சிரிப்பார்கள். தமிழ்நாட்டில் குளிர் என்றால் ஊட்டி, கொடைக்கானல், மிஞ்சிப்போனால் ஏற்காடு. ஆனால் ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெங்களூர் 40 கிலோமீட்டர். அங்கே அடிக்கிற குளிர் அத்திப்பள்ளி செக்போஸ்டில் நின்றுவிடுவதில்லை. மார்கழி விடியற்காலையில் ஆறு மணி ஷிப்டுக்குக் குளித்துவிட்டுக் கிளம்பியவர்களுக்குத் தெரியும், இந்த ஊரில் வெந்நீர் என்பது சொகுசு இல்லை.

எங்கள் வீட்டில் முதலில் இருந்தது தாமிர பாய்லர். நடுவில் ஒரு குழாய், அதற்குள் கரியும் தேங்காய் மட்டையும் எரியும், சுற்றிலும் தண்ணீர், கீழே ஒரு பித்தளைக் குழாய். அது கெட்டுப்போனால் என்ன கெட்டது என்று எல்லோருக்கும் தெரியும். குழாய் ஒழுகினால் ஒழுகுவது தெரியும். ஓட்டை விழுந்தால் அடுப்பு அணைந்து புகை வரும். பற்றவைக்கிறவர் வருவார், ஓட்டையை நமக்கும் காட்டுவார், விலை சொல்வார், அம்மா பாதிக்குக் கேட்பாள், நடுவில் ஒரு தொகையில் முடியும். பேரம் பேச முடிந்ததற்குக் காரணம் அம்மாவின் சாமர்த்தியம் மட்டுமல்ல. இருவரும் ஒரே ஓட்டையைப் பார்த்துக்கொண்டு பேசினார்கள்.

பிறகு கீசர் வந்தது. 2011இல் மொட்டைமாடியில் சோலார் வந்தது. கர்நாடகத்தில் வீடு கட்டுகிறவர்களை சோலார் வெந்நீருக்கு அரசாங்கமே தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. வைத்தவர்களுக்கு கரண்ட் பில்லில் சின்னத் தள்ளுபடியும் உண்டு. பெங்களூர் மாடிகளில் வரிசைகட்டி நின்ற அந்த உருளைகள் மெல்ல எல்லை தாண்டி எங்கள் பாகலூர் ரோடு பக்கமும் வந்தன. எங்களுடையது 200 லிட்டர். சாய்வாக அடுக்கிய கண்ணாடி டியூப்கள், மேலே ஒரு டேங்க். மோட்டார் இல்லை, சுவிட்ச் இல்லை. சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், குளிர்ந்தது கனமாகிக் கீழே இறங்கும். அந்தச் சுழற்சியிலேயே டேங்க் முழுக்கச் சூடாகிவிடும். எட்டாம் வகுப்பு அறிவியல்தான். ஆனால் டேங்க்கின் உள்பாத்திரத்தைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்கு நுரைப் பஞ்சு, அதற்கு மேல் பெயின்ட் அடித்த தகடு. ஓட்டை விழுந்தால் இனிமேல் யாரும் அதைப் பார்க்கமுடியாது.

போன ஜனவரியில் டேங்க் அடியிலிருந்து சொட்ட ஆரம்பித்தது. கம்பெனி சர்வீஸிலிருந்து ஒரு பையன் வந்தான். ஏணியில் ஏறி, ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு இறங்கினான்.

"உள்ள டேங்க் போயிடுச்சு சார். மாத்தணும்."

"எவ்வளவு தம்பி ஆகும்?"

"இருபத்தாறாயிரம். லேபர் சேர்த்து."

அப்பா ஒன்றும் பேசவில்லை. அவருடைய பி.எஃப். பென்ஷன் மாதம் 2,900 ரூபாய். அந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014இல் நிர்ணயித்தார்கள். அதோடு ஒப்பிட்டால் அப்பா பணக்காரர். இருந்தாலும் இருபத்தாறாயிரம் என்பது அவருக்கு ஒன்பது மாதப் பென்ஷன். நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் சம்பாதிக்கிறேன், நானே கட்டிவிடலாம். அதைச் சொன்னபோது அவர் கேட்டது வேறு.

"கட்டலாம். டேங்க் போயிடுச்சுன்னு அந்தத் தம்பிக்கு எப்படித் தெரிஞ்சுது?"

*

அப்பா முப்பத்தைந்து வருஷம் பாய்லர் அட்டெண்டன்ட். டி.வி.எஸ். 50 வண்டியும் அசோக் லேலண்ட் லாரியும் 1980இல் இங்கே உருவாக ஆரம்பித்த பிறகு, சிப்காட்டில் வேலை இருக்கிறது என்ற பேச்சு மாவட்டம் முழுக்கப் பரவியது. காவேரிப்பட்டணத்திலிருந்து 1984இல் பஸ் ஏறி வந்தவர்களில் அவரும் ஒருவர். ஒரு நடுத்தரத் தொழிற்சாலையின் நீராவிக் கொதிகலனுக்குப் பக்கத்திலேயே அவருடைய இளமை முடிந்தது.

ஆலைக் கொதிகலன் விஷயத்தில் நம் நாட்டில் ஒரு பழைய ஒழுங்கு உண்டு. 1863இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பலர் இறந்துபோனார்கள். அதன் பிறகு வங்காளத்தில் கொதிகலன்களைச் சோதிக்கச் சட்டம் வந்தது. அந்தந்த மாகாணத்தில் தனித்தனியாக இருந்த விதிகளை 1923இல் நாடு முழுமைக்கும் ஒரே சட்டமாக்கினார்கள். நூறு வருஷம் ஓடிய அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025இல் புதியது வந்திருக்கிறது. அதன் அடிப்படை எளிமையானது. கொதிகலனை ஓட்டுபவர் ஒருவர், ரிப்பேர் செய்பவர் இன்னொருவர், இது தாங்குமா என்று சான்றிதழ் தருபவர் மூன்றாமவர். அந்த மூன்றாமவர் அரசாங்க இன்ஸ்பெக்டர். பாய்லரைக் குளிரவைத்து, திறந்து, உள்ளே விளக்குப் பிடித்துப் பார்ப்பார். தண்ணீரை நிரப்பி, வேலை செய்கிற அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றி, கசிகிறதா என்று சோதிப்பார். அவருக்கு விற்பதற்கு ஒரு பாய்லரும் கிடையாது.

வீட்டில் அப்படி இல்லை. பார்க்க வருகிறவரே விற்க வருகிறவர். வியாதியைச் சொல்கிறவரும் மருந்துக்கடைக்காரரும் ஒரே ஆள். அவர் நல்லவராகவே இருந்தாலும், ஐந்து நிமிஷத்தில் அவர் கண்ணுக்குப் படுவது தன்னிடம் விற்க இருக்கிற சாமானாகத்தான் இருக்கும்.

*

அப்பாவுக்கு முழங்கால் சரியில்லை, ஏணி ஏற முடியாது. அதனால் நான் போனோடு ஏறினேன், அவர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து வீடியோ காலில் பார்த்தார். மாலை ஆறு மணிக்கு மேல்தான் ஏறச் சொன்னார். வெயிலில் காய்ந்த டியூப்பில் தண்ணீர் இல்லாமல் போய், திரும்பக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கண்ணாடி சில்லாகிவிடும்.

"சொட்டுற இடத்தைப் பாக்காத. தண்ணி எங்க வேணா ஓடிவந்து எங்க வேணா சொட்டும். எல்லாத்தையும் துணியால நல்லாத் துடை. ஒவ்வொரு டியூப் வாயிலயும் சாக்பீஸ் பொடி தூவு. தகடு சேருற இடத்துலயும் தூவு."

தூவினேன். மறுநாள் காலை ஏறிப் பார்த்தபோது இரண்டு டியூப்களின் வாயில் மட்டும் பொடி நனைந்து கூழாகியிருந்தது. தகடு சேருமிடம் வெள்ளையாகவே இருந்தது. உள்பாத்திரம் ஓட்டையாகியிருந்தால் நுரைப் பஞ்சு ஊறி அங்கேதான் முதலில் ஈரம் காட்டியிருக்கும். டியூப் டேங்க்குக்குள் நுழைகிற இடத்தில் ஒரு சிலிக்கான் வளையம் உண்டு, வாசர் என்போம். பதினான்கு வருஷ வெந்நீரில் அது இறுகி வெடித்திருந்தது.

அப்பா திருப்தியடையவில்லை. "காத்துக்குழாய் எப்படி இருக்குதுன்னு பாரு." டேங்க் உச்சியில் நிமிர்ந்து நிற்கிற சின்னக் குழாய் அது. தண்ணீர் உள்ளே வரும்போது காற்று வெளியே போகவும், தண்ணீர் இறங்கும்போது காற்று உள்ளே வரவும் அதுதான் வழி. அது அடைத்துக்கொண்டால் வெந்நீர் விட்டுவிட்டு வரும். டேங்க்கே உள்வாங்கி நசுங்கவும் கூடும். எங்களுடையதில் முக்கால்வாசி உப்பு.

உப்புதான் இந்த ஊரின் உண்மையான எதிரி. கிருஷ்ணகிரி மாவட்டம் பாறை நிலம். ஆயிரம் அடிக்குப் போகிற போர்வெல் தண்ணீர் அந்தப் பாறையைக் கரைத்துக்கொண்டு வருகிறது. குடிக்கிற தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு பிரச்சினைக்காக ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013 முதல் காவிரி குழாயில் வருகிறது. ஆனால் குளிக்க, துவைக்க பெரும்பாலான வீடுகளில் இன்னும் போர்தான். அந்தத் தண்ணீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கிற கால்சியம் பைகார்பனேட் சிதைந்து சுண்ணாம்பாகப் படியும். சூடு ஏற ஏறப் படிவும் அதிகம். ஆலையில் அப்பா பாய்லருக்குள் விடுகிற தண்ணீரை முதலில் மென்மையாக்கித்தான் விடுவார். அடியில் சேருகிற சகதியைத் தினமும் திறந்து வெளியேற்றுவார். வீட்டு சோலாருக்கு அதையெல்லாம் யாரும் சொல்லித்தருவதில்லை. தண்ணீரைக் கவனிக்காமல் டேங்க்கை மட்டும் மாற்றினால், அடுத்த டேங்க்குக்கு இன்றிலிருந்தே தவணை கட்ட ஆரம்பிக்கிறோம் என்று அர்த்தம்.

தெருமுனையில் பிளம்பிங் கடை வைத்திருக்கிற அண்ணனைக் கூப்பிட்டோம். எல்லா வாசரும் ஒரே வயசு என்பதால் இருபதையும் மாற்றினார். டியூப்களைக் கவிழ்த்துத் தட்டியபோது முட்டை ஓடு மாதிரிக் கைப்பிடி கைப்பிடியாகச் சுண்ணாம்பு கொட்டியது. காற்றுக்குழாயைச் சுத்தம் செய்தார். வாசர் 800, கூலி 900. அப்பா இரண்டாயிரமாகக் கொடுத்தார்.

"முந்நூறு எதுக்கு சார்?"

"பாத்ததுக்கு. ஒன்றரை மணி நேரத்துல அரை மணி நேரம் நீங்க எதையும் கழட்டாம பாத்துட்டுத்தான இருந்தீங்க."

*

இந்த இடத்தில் நிறுத்தினால் இது ஏமாற்றுக்காரப் பையனையும் புத்திசாலி அப்பாவையும் பற்றிய கதையாகிவிடும். நடந்தது அப்படியில்லை. நான்கு நாள் கழித்து அந்தப் பையன் எஸ்டிமேட் என்னாச்சு என்று போன் செய்தான். விஷயத்தைச் சொன்னேன். கோபப்படவில்லை.

"அக்கா, வாசராவும் இருக்கலாம்னு எனக்கும் தோணுச்சு. நான் வாசர் மட்டும் மாத்திட்டுப் போறேன்னு வைங்க. பத்து நாள்ல டேங்க்கும் ஒழுகுச்சுன்னா நீங்க என்னைத்தான திட்டுவீங்க? கம்பெனியில கம்ப்ளெயின்ட் போடுவீங்க. என் சம்பளத்துல பிடிப்பாங்க. ஒரு நாளைக்கு எட்டு வீடு. ஒவ்வொண்ணுலயும் ஒரு மணி நேரம் நின்னு பாத்தா யாரு காசு தருவா?"

ஐ.டி.ஐ. முடித்தவன். ஒப்பந்த வேலை. சிப்காட்டைச் சுற்றி இப்படி ஆயிரக்கணக்கான பையன்கள் இருக்கிறார்கள். அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால், ரிப்பேர் விலை எல்லை மீறிப் போவதற்கான காரணம் அவனுடைய கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது. பார்ப்பதற்கு நாம் காசு தருவதில்லை. "சும்மா வந்து பாத்துட்டுப் போறதுக்கு ஐநூறா?" என்று கேட்காத வீடு உண்டா? மாற்றுவதற்கு மட்டும் தருகிறோம். எனவே பார்த்த கூலி, மாற்றிய சாமானின் விலைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. ஐநூறு ரூபாயை மறுத்துவிட்டு இருபத்தாறாயிரத்துக்குத் தலையாட்டுகிறோம்.

என் கல்லூரித் தோழி ஒருத்தி நியூஜெர்சியில் பழைய வீடொன்றில் இருக்கிறாள். அங்கே வீட்டையே நீராவியால் சூடாக்குவார்கள். நிலவறையில் பாய்லர், அறைக்கு அறை இரும்பு ரேடியேட்டர், ஆவி போகவும் தண்ணீராகித் திரும்பவும் ஒரே குழாய். இரவில் குழாய்க்குள் யாரோ சுத்தியால் அடிக்கிற மாதிரி சத்தம், படுக்கையறை ரேடியேட்டர் மட்டும் சில்லென்று. பார்க்க வந்தவர் பாய்லரையே மாற்றச் சொல்லி 9,000 டாலர் கேட்டிருக்கிறார். அவள் என் அப்பாவிடம் பேசினாள். அப்பா வாழ்க்கையில் ரேடியேட்டர் பார்த்ததில்லை. ஆனால் நீராவி எங்கேயும் நீராவிதான்.

"அதுல காத்து போறதுக்கு வழி எங்கம்மா இருக்கு? குழாய் எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு?"

ரேடியேட்டரின் ஓரத்தில் விரலளவு காற்று வால்வு அடைத்திருந்தது. காற்று போகாமல் ஆவி உள்ளே வரமுடியவில்லை. தரை இறங்கியதில் சாய்வு மாறி, திரும்ப வேண்டிய தண்ணீர் தேங்கி நின்று, வேகமாக வரும் ஆவியோடு மோதியதுதான் அந்தச் சத்தம். வால்வை மாற்றி, ஒரு காலுக்கடியில் மரச்சில்லு வைத்தாள், சரியானது. அமெரிக்காவில் டான் ஹோலோஹன் என்பவர் 1992இல் நீராவி வெப்பமூட்டல் பற்றி எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே அதைத் தொலைந்துபோன கலை என்கிறார். கருவி இருக்கிறது, அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றுவிட்டார்கள். தெரியாதவர் சொல்லும் விலை எப்போதும் முழுப் பொருளின் விலைதான்.

பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022இல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. உதிரிபாகமும் கையேடும் எல்லோருக்கும் கிடைக்கவேண்டும் என்பது நல்ல விஷயம். வாசர் கிடைத்தால்தானே மாற்றமுடியும். ஆனால் கையேட்டைப் படித்து, மாடியில் அரை மணி நேரம் நின்று பார்க்கிற ஆளுக்குக் கூலி எங்கிருந்து வரும் என்பதை நாம்தான் முடிவுசெய்யவேண்டும்.

எங்கள் டேங்க் நாளைக்கே ஓட்டையாகலாம். அதற்கும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார் அப்பா. 100 லிட்டரை 30 டிகிரி சூடேற்ற மூன்றரை யூனிட். யூனிட் ஆறு ரூபாய் என்று வைத்தால் மாதம் அறுநூற்றுச் சொச்சம். இருபத்தாறாயிரம் திரும்பி வர மூன்றரை வருஷம். "அப்ப மாத்திக்கலாம். ஆனா போயிடுச்சுன்னு ஒருத்தர் பாத்துச் சொல்லணும்."

இப்போது காலனியில் யார் வீட்டு சோலார் ஒழுகினாலும் அப்பாவுக்கு வீடியோ கால் வருகிறது. சாக்பீஸ் பொடி தூவச் சொல்கிறார். காசு கேட்பதில்லை. அம்மாவுக்கு அதில் கோபம்.

"ஊருக்கெல்லாம் பாத்த கூலி குடுக்கணும்ங்கறீங்க. உங்க கண்ணு மட்டும் ஓசியா?"

அப்பா இரண்டு நாள் யோசித்தார். இப்போது ஐம்பது ரூபாய் வாங்குகிறார். எதிர்வீட்டுக்காரர், அது அதிகம் என்கிறார்.