ஒத்தக்குழலுக்கு என்ன விலை?

எங்க வீட்டுக்கு வர்ற டவுன் சொந்தக்காரங்க காப்பி குடிச்சு முடிச்சதும் கேக்கற கேள்வி ஒண்ணு இருக்குங்க. "மாமா, அந்தப் பழைய துப்பாக்கி இன்னும் இருக்குதா? வித்தா லட்சக்கணக்குல போகுமாமே?"

போகாதுங்க. ஒரு கறவை எருமை வாங்கற காசுகூட வராது. ஏன் வராதுன்னு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி அலுத்துப்போச்சு. அதான் இங்கே எழுதி வெச்சுடறேன்.

எங்களது 12 போர் ஒத்தக்குழல். லைசென்ஸ் புத்தகத்துல எஸ்.பி.பி.எல்.னு இருக்கும், பின்பக்கமா தோட்டா போடற ஒத்தக்குழல்னு அர்த்தம். வாய்ப்பக்கமா கருமருந்து போட்டு இடிக்கறது எஸ்.பி.எம்.எல். நிறையப் பேர் 12 போர்னா 12 மில்லிமீட்டர்னு நினைச்சுக்கறாங்க. அப்படி இல்லீங்க. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையா உருட்டினா, அதுல ஒரு உருண்டை எந்தக் குழலுக்குள்ள சரியா உக்காருமோ அதுதான் 12 போர். உள்விட்டம் 18.5 மில்லிமீட்டர் பக்கம் வரும்.

நீலகிரியில எஸ்டேட்டை வித்துட்டு ஊருக்குக் கிளம்பின ஒரு வெள்ளைக்காரர்கிட்ட எங்க அப்பாரு வாங்கினது இது. பர்மிங்காம்ல கிரீனர் கம்பெனி செஞ்ச ஜி.பி. மாடல். குதிரை வெளியே தெரியாது. விசைக்குக் கீழே இருக்கற நெம்புகோலை அமுக்கினா உள்ளே இருக்கற இரும்புக்கட்டை இறங்கி வழிவிடும். தோட்டாவை வெச்சு மேலே இழுத்தா மூடிக்கும். 1871ல பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கிட்ட மார்டினி-ஹென்றி ரைபிளோட அமைப்புதான் இது. நகாசு வேலை, வெள்ளிப்பூண் எதுவும் கிடையாது. மம்பட்டி மாதிரி வேலைக்குன்னே செஞ்ச சாமான்.

இதை எப்படி மதிப்புப் போடறதுன்னு எனக்குக் காட்டிக் கொடுத்தவர், கோயமுத்தூர்ல துப்பாக்கி ரிப்பேர் பார்த்துக்கிட்டிருந்த ஒரு பெரியவர். முதல்ல குழலைக் கழட்டி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு உள்ளே பார்க்கச் சொன்னார். உள்சுவர் கண்ணாடி மாதிரி இருக்கணும். அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருந்தா துரு தின்னிருக்குதுன்னு அர்த்தம். எங்காவது வளையம் மாதிரி நிழல் தெரிஞ்சா அந்த இடம் வீங்கியிருக்கும், அதை சுடவே கூடாது. அப்புறம் குழலுக்கு அடியில முத்திரை. பர்மிங்காம்ல 1813ல இருந்தே துப்பாக்கிகளை சுட்டுச் சோதிச்சு முத்திரை குத்தற ஒரு நிலையம் இருக்குது. கிரீடத்துக்குக் கீழே பி.என்.பி.னு இருந்தா இந்தக் காலத்துப் புகையில்லாத மருந்துக்குத் தாங்கும்னு சோதிச்சதா அர்த்தம். அந்த முத்திரை இல்லாத பழைய முறுக்குக் குழல்கள் உண்டு. பாம்புத்தோல் மாதிரி அழகா வரி ஓடும், ஆனா புதுத் தோட்டா போட்டா ஆபத்து.

தோட்டா அறையோட நீளத்தையும் பார்க்கணும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் துப்பாக்கிகள்ல பலதுக்கு அறை இரண்டரை அங்குலம்தான். இப்ப வர்ற தோட்டா பெரும்பாலும் இரண்டே முக்கால். உள்ளே நுழையும், ஆனா சுடும்போது விரியறதுக்கு இடம் பத்தாம அழுத்தம் கூடிப்போகும். கடைசியா அவர் சொன்னது, பளபளன்னு இருந்தா ஏமாறாதேன்னு. புதுசா நீலம் ஏத்தி, கட்டைக்கு வார்னிஷ் அடிச்சதைவிட, தேய்ஞ்சு நிறம் போனாலும் பட்டறையில இருந்து வந்தபடியே இருக்கறதுக்குத்தான் மதிப்பு அதிகமாம்.

எல்லாம் பார்த்துட்டு, "சாமான் சுத்தமா இருக்குது தம்பி. ஆனா நம்ம நாட்டுல இரும்புக்கு விலை இல்ல, காயிதத்துக்குத்தான் விலை"ன்னார்.

ஒத்தக்குழலுக்கு விலை இருக்கற ஊரும் இருக்குதுங்க. அமெரிக்காவுல வேலை செய்யற என் தம்பி மகன் சொல்லித்தான் எனக்கே தெரியும். அங்கே ட்ராப்னு ஒரு விளையாட்டு. களிமண் தட்டை ஒரு மிஷின் வீசும், பறக்கும்போதே சுடணும். அவங்க வழக்கத்துல முக்கியமான போட்டியில ஒரு தட்டுக்கு ஒரே குண்டுதான். இரண்டாவது குழலுக்கு வேலையே இல்ல. அதனால 32, 34 அங்குலத்துக்கு நீளக் குழல் வெச்சு, அதுக்குன்னே ஒத்தக்குழல் செஞ்சாங்க. இதாகா, பார்க்கர், எல்.சி. ஸ்மித்னு அந்தப் பழைய பேர்களுக்கு இன்னைக்கும் சேகரிக்கறவங்க இருக்காங்க. சூசான்னு ஒரு பேண்டு வாத்தியக் கலைஞர், இந்த விளையாட்டுல பைத்தியமா இருந்தவர். அவர் பேர்லயே இதாகா கம்பெனி ஒரு உயர்ந்த ரகம் போட்டுச்சு. ஒலிம்பிக்ல ட்ராப் வேற மாதிரி. தட்டுக்கு இரண்டு தடவை சுடலாம், அதனால ரெட்டைக்குழல். நம்ம புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் 2024ல பாரீஸ் போய் ஆடினது இதுலதான்.

அங்கே சேகரிக்கற பொருள், இங்கே ஏன் விலை போகலைங்கறதுக்கு சட்டம்தான் காரணம். 1980கள்ல இருந்து தனியாள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி பண்றது அடைபட்டுப்போச்சு. இருக்கறது குறைவுன்னா விலை ஏறணும்தானே? நல்ல ரெட்டைக்குழலுக்கும் கைத்துப்பாக்கிக்கும் ஏறத்தான் செஞ்சுது. ஆனா வாங்கறவர்கிட்ட லைசென்ஸ் இருக்கணும். விக்கறதுக்கு முன்னாடி நாம எழுதித் தெரிவிக்கணும். 2019ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தர் இரண்டு துப்பாக்கிக்கு மேல வெச்சுக்க முடியாது, முன்னாடி மூணு. இரண்டே இடம் இருக்கறப்ப அதுல ஒண்ணை ஒத்தக்குழலுக்கு யார் கொடுப்பாங்க? பழசுதானே, சும்மா சுவத்துல மாட்டிக்கலாமேன்னு சிலர் கேப்பாங்க. ரிப்பேர் பண்ணினாலும் சுட முடியாத பழைய சாமானுக்குத்தான் சட்டம் விலக்குத் தருது. எங்களது இன்னைக்கும் சுடும்.

சரி, காட்டுக்காவது உதவுதான்னா, அதுவும் இல்ல. இது பயிர்ப் பாதுகாப்புக்குன்னு கொடுத்த லைசென்ஸ். கடலைக்காட்டுல பன்னி இறங்கினா எங்கய்யன் பரண்மேல இருந்து வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவார், அவ்வளவுதான். 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் நாமளா பன்னியைச் சுட முடியாது. கேரளாவுல 2022ல இருந்து பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவு போட்டு, லைசென்ஸ் இருக்கறவங்களை வெச்சு சுட வழி பண்ணியிருக்காங்க. நம்ம பக்கம் 2025ல சொன்னது வேற. காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால வனத்துறை சுடும், ஒரு கிலோமீட்டருக்குள்ள யாரும் சுடக்கூடாது. எங்க காட்டு வேலியில நின்னு கல்லெறிஞ்சா காப்புக்காட்டுல விழும்.

ஆக, விலையும் இல்ல, வேலையும் இல்ல. தேர்தல் வந்தா எண்ணெய் போட்டுத் துடைச்சு ஸ்டேஷன்ல ஒப்படைச்சு ரசீது வாங்கணும், முடிஞ்சதும் போய் எடுத்துட்டு வரணும். பெங்களூர்ல இருக்கற என் பையன், "சரண்டர் பண்ணிடுங்கப்பா, எதுக்கு இந்தத் தொல்லை"ங்கறான். அவன் சொல்றதுல நியாயம் இருக்குது. வீட்ல பேரக்குழந்தை ஓடியாடற வயசு. அவங்க அம்மாவுக்கும் அதே பயம்தான்.

நான் யோசிக்கறது வேற. 1878ல வெள்ளைக்காரன் போட்ட ஆயுதச் சட்டத்துல ஐரோப்பியருக்கு லைசென்ஸ் வேண்டாம், நமக்கு வேணும். 1930ல உப்புப் போராட்டத்துக்கு முன்னாடி காந்தி வெச்ச 11 கோரிக்கையில, தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்கணும்கறதும் ஒண்ணு. அகிம்சை பேசினவரே கேட்டாருன்னா, அன்னைக்கு அந்தக் காயிதத்துக்கு என்ன மரியாதை இருந்திருக்கும்! எங்க அப்பாரு கையெழுத்துப் போடத் தெரியாதவர். "இந்தாளை நம்பலாம்"னு கலெக்டர் சொன்ன ஒரே காயிதம் அவருக்கு அதுதான். அதுக்கப்புறம் எங்கய்யன் பேருக்கு வந்து, ஒரு கெட்ட பேர் இல்லாம இத்தனை வருஷம் புதுப்பிச்சிருக்காங்க.

லைசென்ஸ்காரருக்கு 70 வயசு ஆயிட்டா உயிரோட இருக்கும்போதே வாரிசுக்கு மாத்தித் தரலாம்னு 2016 விதியில இருக்குது. எங்கய்யனுக்கு 84. போன மாசம் உக்கார வெச்சுக் கேட்டேன், "என்னங்கய்யா பண்ணலாம்?"னு.

"உன்னால ராத்திரி தூக்கத்துல எந்திரிச்சு அதோட பூட்டை சரி பார்க்க முடியுமா? முடியும்னா வெச்சுக்க. முடியாதுன்னா கொண்டுபோய்க் குடுத்துடு" அப்படின்னார்.

மாத்தறதுக்கு எழுதிக் கொடுத்துட்டேன். இரும்பு பீரோ ஒண்ணு வாங்கி சுவத்தோட போல்ட் போட்டாச்சு. தோட்டா வேற ரூம்ல, வேற பூட்டுக்குள்ள. இரண்டு சாவியும் என் இடுப்புலதான். எனக்கு அப்புறம் பையன் வேண்டாம்னா, எண்ணெய் போட்டுத் துடைச்சு ஸ்டேஷன்ல கொடுத்துட்டு ரசீதை மட்டும் பத்திரமா வெச்சுக்கன்னு அவன்கிட்ட சொல்லியிருக்கேன். சரின்னுட்டான்.