குளிர் இரவுகளின் ஒயின்

புனேயிலிருந்து நாசிக் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 75 கி.மீ. கடந்தால் நாராயண்காவ். தமாஷா கலைஞர்களுக்கும் தக்காளிச் சந்தைக்கும் பெயர் பெற்ற ஊர். மேற்கே சிவாஜி பிறந்த சிவ்நேரிக் கோட்டை. இன்னொரு பக்கம் கோடத் கிராமத்தில் வானத்தைப் பார்த்து நிற்கும் ராட்சத ரேடியோ தொலைநோக்கிகள். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள்.

இந்தியாவின் நவீன ஒயின் கதையில் இந்த ஊருக்கு முக்கிய இடம் உண்டு. 1980களில் ஷாம் சௌகுலே என்ற தொழிலதிபர், பிரான்சின் ஷாம்பேன் நிபுணர்களின் உதவியோடு இங்கே ஆலை அமைத்தார். 'ஓமர் கய்யாம்' என்ற பெயரில் நுரைக்கும் வெள்ளை ஒயின் கப்பலேறி வெளிநாடு போனது. குடித்தவர்களுக்கு ஆச்சரியம். காரணம், நல்ல வெள்ளை ஒயின் குளிர் நாட்டுச் சமாச்சாரம். சாவிஞோன் பிளாங்க் திராட்சைக்குப் புகழ் சேர்த்தவை பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கும் நியூசிலாந்தின் மார்ல்பரோவும்தான். குளிரில் பழம் நிதானமாகப் பழுக்கிறது, புளிப்பு கரைந்துபோவதில்லை. நாக்கில் சுரீரென்று படும் அந்தப் புளிப்பும், பச்சைப் புல்லையும் குடைமிளகாயையும் நினைவுபடுத்தும் வாசனையும்தான் அந்த ஒயினின் உயிர்.

புனே பக்கம் குளிருக்கு எங்கே போவது? கடல் மட்டத்துக்கு 2,000 அடிக்கு மேல் இருக்கும் தக்காணப் பீடபூமி, டிசம்பர், ஜனவரி இரவுகளில் அதைக் கொடுக்கிறது. பகலில் வெயில் 30 டிகிரியை நெருங்கினாலும், இரவில் சில நாட்கள் 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். பகல் வெயிலில் சர்க்கரை ஏறுகிறது, இரவுக் குளிரில் புளிப்பு தங்குகிறது.

ஆனால் இங்கே நாட்காட்டி தலைகீழ். ஐரோப்பாவில் கொடி பனிக்காலம் முழுவதும் தூங்கும். வசந்தத்தில் துளிர்த்து, இலையுதிர் காலத்தில் பழம் தரும். தக்காணத்தில் கொடி தூங்குவதே இல்லை. எனவே இரண்டு கவாத்து. ஏப்ரலில் ஒன்று, கிளை வளர்வதற்கு. மழை ஓய்ந்த பிறகு செப்டம்பர், அக்டோபரில் மற்றொன்று, காய்ப்பதற்கு. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை பயிரிடும் விவசாயிக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும்.

அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. ஐரோப்பாவில் குளிர் ஏற ஏறப் பழம் பழுக்கிறது. இங்கே வெயில் ஏற ஏற. ஒரு வாரம் தாமதித்தால் புளிப்பு சரிந்து ஒயின் சப்பென்று ஆகிவிடும். அதனால் விடியற்காலையிலேயே பறித்து, உடனே குளிரூட்டி, எஃகுத் தொட்டிகளில் 15 டிகிரி அளவில் நொதிக்க விடுகிறார்கள். லுவாரில் வானிலை பார்க்கும் வேலையில் பாதியை இங்கே மின்சாரம் பார்க்கிறது.

இயற்கையைச் சமாளித்தவர்களைக் கவிழ்த்தது சந்தை. 2001இல் மகாராஷ்டிர அரசு ஒயின் தொழிலுக்குச் சலுகைகள் அறிவித்ததும் ஆலைகள் பெருகின. விவசாயிகளும் ஒயின் ரகங்களை நட்டார்கள். 2008இல் பொருளாதாரச் சரிவும் மும்பைத் தாக்குதலும் சேர்ந்து ஹோட்டல்களைக் காலியாக்க, ஒயின் தேங்கியது. தாம்சன் விதையில்லாத் திராட்சை என்றால் ஒரு வியாபாரி மறுத்தாலும் இன்னொருவர் வாங்குவார்; இல்லையென்றால் உலர்த்தி கிஸ்மிஸ் ஆக்கலாம். ஒயின் திராட்சையோ பொடிசு, விதை உள்ளது, தோல் தடித்தது. சாப்பிட ஆள் இல்லை. ஆலை கைவிட்டால் அந்தப் பழத்துக்கு வேறு கதி கிடையாது. பலர் கொடிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். நாராயண்காவின் முன்னோடி நிறுவனமும் கடனில் மூழ்கி, நீதிமன்ற உத்தரவால் கலைக்கப்பட்டது. மகுடம் அதே சாலையின் மறுமுனைக்கு, 2000இல் முதல் ஒயினை விற்பனைக்குக் கொண்டுவந்த சூலா நிறுவனத்தின் நாசிக்குக்குப் போனது.

புனேயை ஒட்டிய மாஞ்சரியில், 1997இல் தொடங்கப்பட்ட தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் இந்த மண்ணுக்கு ஏற்ற ரகங்களைத் தேடிக்கொண்டிருக்கிறது. மார்கழிக் குளிரும் தவறாமல் வருகிறது. ஆனால் நட்ட கொடி பலன் தர இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை வாங்குகிறவர் நிலைத்திருப்பாரா என்பதுதான் விவசாயியின் கேள்வி.