நாதுலா போறீங்களா... வெயில் அடிக்கும்போதுதான் பனி ஆபத்து!

கேங்டாக்கிலிருந்து கிளம்பும் ஜவஹர்லால் நேரு சாலை, ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் உங்களை 14,140 அடி உயரத்திலுள்ள நாதுலா கணவாயில் கொண்டுபோய் நிறுத்திவிடும். வழியில் 12,300 அடி உயரத்தில் சாங்கு ஏரி. கரையில் கலர் துணி போர்த்திய யாக் மாடுகள், ஆவி பறக்கும் மோமோ, கோட்டும் கம் பூட்ஸும் வாடகைக்குத் தரும் கடைகள். மார்ச், ஏப்ரலில் போனால் பனியும் இருக்கும், பளிச்சென்ற வெயிலும் இருக்கும். போட்டோவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால், அப்படியான ஒரு ஏப்ரல் மாதத்தில்தான் அந்த விபத்து நடந்தது. 2023 ஏப்ரல் 4, நண்பகலை ஒட்டிய நேரம். 15-வது மைல் அருகே பனிச்சரிவு. சுற்றுலா வந்தவர்களில் 7 பேர் இறந்துபோனார்கள். அன்று 13-வது மைல் வரைதான் அனுமதி; அதைத் தாண்டிப் பலர் சென்றிருந்தார்கள் என்றனர் சோதனைச் சாவடி அதிகாரிகள்.

குளிர்காலம் முடிந்ததும் மலை சாதுவாகிவிடும் என்பது நம் நினைப்பு. பனியின் கணக்கு வேறு. இரவுக் குளிரில் பனியின் மேல்பகுதி உறைந்து கெட்டியாகிவிடும். காலையில் ஓரளவு உறுதியாக இருக்கும். வெயில் ஏற ஏற அது இளகும். உருகிய நீர் உள்ளே இறங்கி, பனித்துகள்களின் பிடிப்பைத் தளர்த்தும். ஈரத்தில் பனியின் எடையும் கூடும். 30 முதல் 45 டிகிரி சரிவில் இது நடந்தால், எந்த நேரமும் மொத்தமாகச் சரியலாம். இரவு முழுக்க மேகம் மூடியிருந்தாலோ, மழை பெய்தாலோ பனி சரியாக உறையாது. அப்போது காலை நேரத்தையும் நம்ப முடியாது. சிக்கிமில் ஏப்ரலிலும் புதுப் பனி விழும். அதன்மேல் சுள்ளென்று வெயில் அடித்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை.

மலை சில அறிகுறிகளைக் காட்டும். சரிவிலிருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தானாக உருண்டு வரும். பனியில் வெடிப்புக் கோடுகள் தெரியும். கால் வைத்தால் முழங்கால் வரை புதையும். பக்கத்தில் புதிதாகச் சரிந்த தடம் இருக்கும். இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் சரிவுக்குக் கீழே நிற்காதீர்கள். புதைந்தவரைச் சுமார் 10 நிமிடங்களுக்குள் மீட்டால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அரை மணி நேரம் ஆனால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

நாதுலாவுக்குப் போக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். திங்கள், செவ்வாய் விடுமுறை. கிளம்பும் முன் வானிலை அறிவிப்போடு, பனிச்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். சண்டிகரில் உள்ள டி.ஜி.ஆர்.இ என்ற பாதுகாப்புத்துறை ஆய்வு நிறுவனம் இதை வெளியிடுகிறது. சீக்கிரம் கிளம்பி, வெயில் உச்சிக்கு வருமுன் திரும்பப் பாருங்கள்.

உங்கள் டிரைவர், "இதுக்கு மேல வேண்டாம்" என்று வண்டியை நிறுத்தினால், "இன்னும் ரெண்டு கிலோமீட்டர் மட்டும்ணே" என்று கெஞ்சாதீர்கள். சாங்கு ஏரிக்கரையில் சூடாக ஒரு பிளேட் மோமோ சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். அந்தப் பயணமும் நன்றாகவே இருக்கும்!