ராஜாவா, ரகுமானா? தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி இல்லை



போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரிய சண்டை. என் மகன் இளையராஜா கட்சி, தங்கை மகன் ரகுமான் கட்சி. ராத்திரி பதினோரு மணிக்குள் இரண்டு பேருமே குழுவை விட்டு வெளியேறிவிட்டார்கள். மறுநாள் தங்கை மகன் போன் செய்து, "மாமா, நீங்க வாத்தியார். நீங்களே தீர்ப்பு சொல்லுங்க" என்றான். எனக்கு அந்தத் தகுதி இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது எனக்குப் பதினாறு வயது. பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம், அதற்கு மேல் ரேடியோ சத்தம். அப்பா எம்.எஸ்.வி. பக்தர். குழித்தறியில் இறங்கி உட்கார்ந்தால் அவருக்கு மெல்லிசை மன்னர் பாட்டு வேண்டும். இளையராஜா பாட்டு வந்தால், "இதெல்லாம் ஒரு பாட்டாடா?" என்று எழுந்து வந்து ரேடியோவை அணைத்துவிடுவார். எனக்குத் தொண்டை அடைக்கும். அப்பாவை எதிர்த்துப் பேச முடியுமா? 1986-இல் 'மெல்லத் திறந்தது கதவு' படத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்தே இசையமைத்தார்கள். அந்தப் பாட்டுகள் வந்தபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ரேடியோவையும் அணைக்கவில்லை.

இவ்வளவும் பட்டவன், வாத்தியார் ஆன பிறகு என்ன செய்தேன் தெரியுமா?

1993. 'ரோஜா' வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எட்டாம் வகுப்பில் பிள்ளைகளுக்குள் இதே சண்டை. "ரகுமான்தான் சார் பெஸ்ட்" என்று எழுந்து சொன்னான் ஒருவன், தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. "போடா, அது கம்ப்யூட்டர் பாட்டு. ராஜா கைத்தறி, உன் ஆள் விசைத்தறி" என்றேன். வகுப்பே சிரித்தது. நம் ஊரில் பட்டை விசைத்தறி என்று சொன்னால் அது எவ்வளவு பெரிய வசவு என்று உங்களுக்கே தெரியும்.

அவன் உட்காரவில்லை. "சார், எங்கப்பா தறி மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கு. எந்த இழையைத் தூக்கணும்னு அட்டையில இருக்கிற ஓட்டைதான் சொல்லுது. அதுக்காகப் புடவையை எங்கப்பா நெய்யலைன்னு சொல்வீங்களா?"

என்னிடம் பதில் இல்லை. "எதிர்த்தா பேசற? வெளியே போய் நில்லு" என்றேன். அந்தப் பீரியட் முழுக்க வெயிலில் நின்றான். அதற்குப் பிறகு அந்த வருடம் முடியும்வரை என் வகுப்பில் அவன் கை தூக்கவே இல்லை. கேட்டால் பதில் சொல்வான், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன். ஜக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரர் 1804-வாக்கில் கொண்டு வந்த அந்தத் துளை அட்டையைப் பார்த்துத்தான், இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு யோசனை எடுத்தாராம். கம்ப்யூட்டருக்குப் பாட்டன் தறிதான்! பதின்மூன்று வயதுப் பையன் வீட்டில் பார்த்ததை வைத்தே அதைப் பிடித்துவிட்டான். தறி வீட்டில் பிறந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

ரகுமான் சின்ன வயதில் ராஜாவின் குழுவிலேயே கீபோர்டு வாசித்தவர். 2010-இல் இருவருக்கும் ஒரே வருடம் பத்மபூஷண் கொடுத்தார்கள். இன்றைக்கும் காலைக் காபியோடு எனக்கு ராஜா பாட்டுத்தான் வேண்டும். என் பதினாறு வயது அதில் இருக்கிறது. அந்தப் பையனின் பதின்மூன்று வயது ரகுமான் பாட்டில் இருந்திருக்கும். அதைத்தான் நான் வெயிலில் நிற்க வைத்தேன்.

பிள்ளைகளே, யார் பெரியவர் என்று நன்றாகச் சண்டை போடுங்கள், அதிலும் ஒரு ருசி உண்டு. அடுத்தவர் ரேடியோவை மட்டும் அணைக்காதீர்கள்.

அந்த மாணவன் பெயரை இங்கே போடவில்லை. அவனோடு படித்தவர்கள் சிலர் இதைப் படிக்கிறீர்கள். ஞாபகம் இருந்தால் அவனிடம் சேர்த்துவிடுங்கள். தம்பி, அன்று நீ சொன்னது சரி. நான் செய்தது தப்பு. இத்தனை வருடம் கழித்துக் கேட்கிறேன், மன்னித்துவிடு. ஒரு நாள் வீட்டுக்கு வா. நீ சொல்கிற ரகுமான் பாட்டை உன்னோடு உட்கார்ந்து முழுசாகக் கேட்கிறேன்.

குழுவை விட்டுப் போன இரண்டு பேரும் இன்று ராத்திரிக்குள் திரும்பி வரவும். இது வாத்தியார் உத்தரவு.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்
காஞ்சிபுரம்