தாளில் எழுதாத பெயர்

கூண்டுக்குள் இருவர் ஒருவரையொருவர் அடித்தும் பிடித்தும் வீழ்த்தும் விளையாட்டைப் பற்றிப் பங்குத் தந்தை ஒருவர் குடும்ப இதழில் எழுதுவதா என்று வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஒரு காலத்தில் நாமும் அவ்வாறே முகம் சுளித்தவர்தாம். ஆயினும் அவ்விளையாட்டின் வெற்றி தோல்விகளை முன்கூட்டிக் கணிக்கப் புகுந்த நாம், கணிப்பில் தவறியதோடு நில்லாமல், அதே காலத்தில் ஒரு பிள்ளையைக் குறித்தும் தவறான தீர்ப்பு வழங்கிவிட்டோம். அதனை மறைக்காமல் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2010 முதல் 2013 வரை, அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் ஹோசே நகருக்கு அருகிலுள்ள ஒரு சிறு பங்கில் துணைக் குருவாகப் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. மெக்சிகோவிலிருந்து குடியேறிய உழைப்பாளிக் குடும்பங்களே அங்கு மிகுதி. அக்குடும்பங்களின் இளைஞர்கள் சனிக்கிழமை இரவுகளில் பங்கு மண்டபத்துத் தொலைக்காட்சியின் முன் கூடுவர். அவர்கள் விரும்பிப் பார்த்தவை கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகள். குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, கை கால்களைப் பூட்டி எதிரியைச் சரணடையச் செய்யும் பிரேசில் நாட்டு ஜுஜுட்சு ஆகிய அனைத்தும் கலந்த போட்டி அது.

பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்று அறிந்து கண்டிக்கும் எண்ணத்துடனேயே நாம் முதன்முதல் அவர்களோடு அமர்ந்தோம். 1990-களில் இவ்விளையாட்டு தொடங்கிய நாட்களில் விதிகள் மிகச் சிலவாகவே இருந்தன என்பதும், 2000-இல் நியூ ஜெர்சி மாநிலத்தார் முறையான விதித்தொகுப்பை ஏற்ற பின்னரே ஒழுங்கு பரவலாயிற்று என்பதும் பின்னர் நமக்குத் தெரிய வந்தன. நடுவர் நிறுத்தினால் நிறுத்த வேண்டும். மருத்துவர் போதும் என்றால் போதும். சண்டை முடிந்ததும் இருவரும் தழுவிக்கொள்வதையும் கண்டோம். இது நம் மனத்தை முழுவதும் மாற்றிவிடவில்லை. ஆயினும் கண்டிக்க வந்த நாம் எழுந்து செல்லாமல் அமர்ந்தே இருந்தோம்.

2011-இல் ஸ்ட்ரைக்ஃபோர்ஸ் என்னும் நிறுவனம், அதிக எடைப் பிரிவில் எட்டு வீரர்களைக் கொண்டு ஒரு பெரும் போட்டியை அறிவித்தது. காலிறுதி, அரையிறுதி, இறுதி என மூன்று சுற்றுகள். நம் இளைஞர்கள் அந்த அட்டவணையை ஒரு பெரிய தாளில் வரைந்து சுவரில் ஒட்டினர். ஒவ்வொரு சண்டையிலும் வெல்பவர் யார், எவ்வாறு வெல்வார் என்று அவரவர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பணப் பந்தயம் கூடாது என்று நாம் திட்டமாய்க் கூறிவிட்டோம். ஆகவே, கணிப்பில் பின்தங்கியவர் ஞாயிறு காலைச் சிற்றுண்டிக்குப் பின் பாத்திரங்களைக் கழுவ வேண்டும் என்பது ஏற்பாடாயிற்று. "நீங்களும் எழுதுங்கள், பாதர்" என்றார்கள். எழுதினோம்.

எழுதப் புகுமுன் நம் வழக்கப்படி ஆராய்ச்சியில் இறங்கினோம். குருமடத்தில் தத்துவம் பயின்றவர்க்குக் காரணகாரியங்களைத் தேடாமல் இருக்க இயலாதல்லவா? வீரரின் உயரம், கை நீளம், வயது, பழைய காயங்கள், முந்தைய வெற்றி தோல்விகள் அனைத்தையும் குறித்துக்கொண்டோம். நின்று அடிப்பவரா, தரையில் வீழ்த்திப் பிடிப்பவரா என்று பிரித்தோம். மல்யுத்தம் அறிந்தவர் சண்டை நின்றபடி நடக்க வேண்டுமா, தரையில் நடக்க வேண்டுமா என்பதைத் தாமே முடிவு செய்ய வல்லவர் என்றும், நூறு கிராமிற்குச் சற்றே மிகுந்த மெல்லிய கையுறைகளை அணிந்து மோதுவதால் ஒரே குத்தில் யாரும் வீழக்கூடும் என்றும் கற்றுக்கொண்டோம்.

எட்டுப் பேரில் ரஷ்ய நாட்டு ஃபெடோர் எமெலியானென்கோவையே நாம் வாகையர் என எழுதினோம். ஏறத்தாழ பத்தாண்டுகள் தோல்வி காணாதிருந்தவர் அவர். 2010 ஜூன் 26 அன்று அதே சான் ஹோசே நகரில், ஃபாப்ரிசியோ வெர்டும் என்பவர் 69 விநாடிகளில் அவரைச் சரணடையச் செய்திருந்தார். அதை ஒரு சறுக்கல் என்றே நாம் ஒதுக்கிவிட்டோம். யானைக்கும் அடி சறுக்கும் அல்லவா?

2011 பிப்ரவரி 12 அன்று நியூ ஜெர்சியில் அந்த யானை மீண்டும் சறுக்கியது. பிரேசில் நாட்டு அந்தோனியோ சில்வா இரண்டாம் சுற்றில் ஃபெடோரைத் தரையில் கிடத்தி இடைவிடாமல் அடித்தார். ஒரு கண் வீங்கி மூடிவிடவே, மூன்றாம் சுற்றுக்கு மருத்துவர் அவரை அனுமதிக்கவில்லை. முதற்கட்டத்திலேயே நம் கணிப்பு தகர்ந்தது. அடுத்த ஞாயிறு நாம் பாத்திரம் கழுவினோம்.

கணக்கில் தேர்ந்த இளைஞன் ஒருவன் அன்று நமக்கு ஓர் உண்மையை விளக்கினான். ஒரு வீரர் ஒவ்வொரு சண்டையிலும் வெல்ல நூற்றுக்கு எழுபது பங்கு வாய்ப்புள்ளவர் என்று கொள்வோம். மிகச் சிறந்த வீரர்தான். ஆனால் மூன்று சண்டைகளையும் தொடர்ந்து வெல்ல அவருக்குள்ள வாய்ப்பு நூற்றுக்கு முப்பத்து நான்கே. அதாவது, எல்லோரிலும் வல்லவரே ஆனாலும், அவர் வாகை சூடாமற்போவதே மிகுதியும் நிகழக்கூடியது. "நீங்கள் சிறந்தவரைச் சரியாகத்தான் தேர்ந்தீர்கள், பாதர். அது மட்டும் போதாது" என்றான்.

மேலும், இவர் அவரை வென்றார், அவர் மற்றவரை வென்றார், ஆகவே இவர் மற்றவரையும் வெல்வார் என்னும் தருக்கம் இங்கு செல்லாது. அந்த வெர்டும் 2006-இல் ஜப்பானில் அலிஸ்டர் ஓவரீமை வென்றவர். 2011 ஜூனில் டல்லாஸ் நகரில் அதே ஓவரீம் வெர்டுமை வென்றார். ஐந்தாண்டுகளில் மனிதர் மாறிவிடுகிறார். ஏட்டில் இருப்பது நேற்றைய மனிதர். கூண்டுக்குள் நுழைபவரோ இன்றைய மனிதர்.

இதனிடையே, அவ்வாண்டு மார்ச் மாதத்தில், பங்கைச் சேர்ந்த ஒரு தாய் நம்மைக் காண வந்தார். அவருடைய மகனுக்கு வயது பதினாறு. நம் சனிக்கிழமைக் கூட்டத்தில் பின்வரிசையில் அமைதியாய் அமர்ந்திருப்பவன். பள்ளியில் இரண்டு ஆண்டுகளாக மல்யுத்தம் பயின்றும் முதல் அணியில் இடம் கிடைக்கவில்லை. எவருக்கேனும் காயம் பட்டால் இறங்குவதற்கென்று வைத்திருந்த பதிலாள் அவன். நம் ஊரில் ஒப்புக்குச் சப்பாணி என்போமே, அந்த நிலை. "மாலை நேரமெல்லாம் வீணாகிறது, பாதர். மாமாவின் ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்த்துவிடட்டுமா?" என்று கேட்டார். கடன் சுமை அவர் முகத்திலேயே தெரிந்தது. நாம் அவனுடைய இரண்டாண்டு நிலவரத்தைக் கேட்டோம்; தேறமாட்டான் என்று மனத்துள் முடிவு செய்தோம். "சேர்த்துவிடுங்கள் அம்மா" என்றோம். அந்தப் பேச்சு பத்து நிமிடங்கூட நீடிக்கவில்லை. பிள்ளையை அழைத்து ஒரு சொல் கேட்கவும் நமக்குத் தோன்றவில்லை.

பெரும் போட்டியோ தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது. காயம் காரணமாகக் குறித்த நாளில் இறங்க இயலாதென ஓவரீம் கூறவே, அரையிறுதியில் அவருடைய இடம் டேனியல் கோர்மியே என்னும் பதிலாளுக்கு வழங்கப்பட்டது. சுவரிலிருந்த நம் தாளில் அப்பெயரே இல்லை. அமெரிக்க மல்யுத்த வீரரான அவர் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றுப் பதக்கத்தை மயிரிழையில் இழந்தவர். 2008 பெய்ஜிங்கிற்கு அணித்தலைவராகச் சென்றும், எடையைக் குறைக்க முயன்றதில் சிறுநீரகம் பழுதுற்று, களத்தில் இறங்காமலேயே திரும்பியவர். அதன் பின், முப்பது வயதில், 2009-இல் இப்புதிய விளையாட்டில் அடியெடுத்து வைத்துச் சிறிய அரங்குகளில் மோதிவந்தார். பயிற்சி பெற்றதோ நம் பங்கிற்கு அருகே, சான் ஹோசேயில்.

2011 செப்டம்பர் 10 அன்று சின்சினாட்டி நகரில், ஃபெடோரை வீழ்த்திய அதே சில்வாவை அவர் எதிர்கொண்டார். சில்வாவின் உயரம் 193 சென்டிமீட்டர். கோர்மியேயின் உயரம் 180. நாம் எவ்விதத் தயக்கமுமின்றிச் சில்வாவின் பெயரை எழுதினோம். பின்வரிசையிலிருந்த அந்தப் பிள்ளை மட்டும் எழுந்து வந்து கோர்மியே என்று எழுதினான். முதற்சுற்றிலேயே சில்வா உணர்விழந்து வீழ்ந்தார். மண்டபம் ஆரவாரித்தது. அந்தப் பிள்ளை ஆரவாரிக்கவில்லை.

கூட்டம் கலைந்தபின் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவனிடம், "உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டோம். "அவருடைய பழைய சண்டைகளை எல்லாம் பார்த்தேன், பாதர். நீங்கள் பெரியவர்களுடைய சண்டைகளை மட்டும்தானே பார்த்தீர்கள்?" என்றான். சற்று நேரம் கழித்து, தலை நிமிராமலே, "நான் மல்யுத்தம் செய்வதையும் நீங்கள் பார்த்ததில்லை" என்றான்.

வாசகர்களே, அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. முகமறியாத எட்டு வீரர்களுக்காக உயரமும் கை நீளமும் தேடி நாட்கணக்கில் ஆராய்ந்த நாம், நம் மந்தையின் பிள்ளை ஒருவனுக்குப் பத்து நிமிடம் செலவிட்டோம். அவர்களைப் பற்றிய கணிப்பு பொய்த்தால் நமக்குப் பாத்திரம் கழுவும் வேலை. இவனைப் பற்றிய கணிப்பு பொய்த்தால் தண்டனை அவனுக்கு. மறுநாளே அந்தத் தாயின் இல்லம் சென்று, நாம் ஆராயாமல் அறிவுரை கூறிவிட்டதை ஒப்புக்கொண்டோம். கடையில் காலை நேர வேலை, மாலையில் பயிற்சி என்று மாமாவும் இசைந்தார்.

2012 சனவரியில் அணியின் முதல் வீரனுக்குத் தோளில் காயம் பட, இவனுக்கு அழைப்பு வந்தது. நாம் சென்று முதல் வரிசையில் அமர்ந்தோம். இவன் வென்றான் என்று எழுத நமக்கும் ஆசைதான். ஆனால் மூன்றாம் பகுதியில் சில புள்ளிகள் குறைந்து தோற்றான். வியர்வையோடு வந்து நம் கையைப் பற்றிக்கொண்டு சிரித்தான். அப்பருவம் முடிவதற்குள் சில வெற்றிகளையும் கண்டான்.

கோர்மியேக்குச் சில்வாவை வீழ்த்திய சண்டையில் கை எலும்பு முறிந்திருந்ததால், இறுதிப் போட்டி 2012 மே 19 அன்றுதான் சான் ஹோசேயில் நடைபெற்றது. எதிராளி ஜாஷ் பார்னெட், நெடுங்கால அனுபவம் உடையவர். இத்தனைக்கும் பிறகு நாம் எந்தப் பெயரை எழுதினோம் தெரியுமா? பார்னெட் என்றே எழுதினோம்! ஐந்து சுற்றுகளின் முடிவில் நடுவர் மூவரும் ஒருமனதாகக் கோர்மியேயை வாகையர் என அறிவித்தனர். ஞாயிறன்று நாம் மீண்டும் பாத்திரம் கழுவினோம். அந்தப் பிள்ளை துடைத்து அடுக்கினான்.

பதிலாள் ஒருவர் வாகை சூடியது அதுவே முதன்முறை அன்று. 1994 செப்டம்பரில் வட கரோலினாவின் ஷார்லட் நகரில் நடந்த போட்டியில், இறுதிக்கு வந்திருக்க வேண்டியவர் காயத்தால் விலக, நெப்ராஸ்கா மாநிலத்துக் காவலரான ஸ்டீவ் ஜென்னம் என்ற பதிலாள் இறங்கி, ஒன்றரை நிமிடத்திற்குள் பட்டத்தை வென்றார். அதற்கும் முன், 1993 நவம்பர் 12 அன்று டென்வர் நகரில் நடந்த முதற்போட்டியில், ஏறத்தாழ 80 கிலோ எடையே உள்ள ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரைச் சரணடையச் செய்தார். மூன்று சண்டைகளுக்கும் சேர்த்து அவருக்குத் தேவைப்பட்டவை ஐந்து நிமிடங்களே.

இதனால் கணிப்பே வீண் என்று நாம் சொல்லவில்லை. கவனித்துப் பார்க்கும் பழக்கத்தை அது வளர்க்கிறது. தவறினால் ஒப்புக்கொள்ளும் பணிவையும் கற்பிக்கிறது. ஆனால் சுவரில் ஒட்டிய தாளை அடித்துத் திருத்தலாம். "இவன் தேறமாட்டான், இவளுக்குக் கணக்கு வராது" என்று நாம் பிள்ளைகளின் நெஞ்சில் ஒட்டிவிடும் தாளை யார் திருத்துவது? பெற்றோரே, தேர்வு முடிவுகள் வரும் நாட்களில் இதனைச் சிந்தித்துப் பாருங்கள். தீர்ப்புச் சொல்லுமுன், பிள்ளை களத்தில் நிற்பதை ஒருமுறையேனும் சென்று பார்த்தோமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கோர்மியே 2018-இல் ஒரே நேரத்தில் இரு எடைப் பிரிவுகளின் உலகப் பட்டங்களைத் தாங்கி நின்றார். நம் பிள்ளையோ பட்டம் எதுவும் பெறவில்லை. சென்ற கிறிஸ்துமஸ் அன்று அவனிடமிருந்து மடல் வந்தது. மாமாவின் ரொட்டிக் கடையை இப்போது அவனே நடத்துகிறானாம். ஆக, முடிவில் அவன் கடைக்கே வந்து சேர்ந்தான் என்று நம் பழைய கணிப்பு பெருமை கொள்ளலாம். ஆனால் மாலை வேளைகளில் அக்கம்பக்கத்துச் சிறுவர்களுக்கு அவன் மல்யுத்தம் கற்பிக்கிறானாம். "எல்லோரையும் களத்தில் இறக்குகிறேன், பாதர். பதிலாள் என்று எவரையும் உட்கார வைப்பதில்லை" என்று எழுதியிருக்கிறான்.